மணமும் பெயரும்
கஞ்சாச் செடியின் இனவிருத்தி கற்பிக்கும் ஒரு பாடம்

ஒரு செடி இன்ன இனத்தது என்று அறிய மனிதன் கையாண்ட வழிகளுள் மிகப் பழையது, இலையைக் கசக்கி முகர்ந்து பார்ப்பதாகும். துளசியையும் திருநீற்றுப் பச்சையையும் நாம் கண்ணை மூடிக்கொண்டே பிரித்தறிந்துவிடுகிறோம். மூக்கு தவறு செய்யாது என்ற நம்பிக்கை நம்மிடம் வேரூன்றி இருக்கிறது. ஒத்த மணமுடையவை ஒரே குலத்தவை என்றும், மணம் வேறுபட்டால் குலமும் வேறுபடும் என்றும் நாம் எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். இம்முடிவு எவ்வளவு தூரம் சரி? இக்கேள்விக்கு அண்மைக் காலத்தில் மிகத் தெளிவான விடை கிடைத்திருப்பது கஞ்சாச் செடியைப் பற்றிய ஆராய்ச்சியிலேதான்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இச்செடியை வளர்ப்பதும் வைத்திருப்பதும் கடுந்தண்டனைக்குரிய குற்றங்கள் என்பதை வாசகர்கள் நன்கறிவார்கள். ஆனால், நெதர்லாந்தில் 2003-ஆம் ஆண்டு முதல் மருத்துவர் சீட்டின் பேரில் மருந்துக் கடைகளிலே இது விற்கப்படுகிறது. கனடாவில் 2018-ஆம் ஆண்டு இதன் மீதிருந்த தடை நீக்கப்பட்டது. அந்நாடுகளில் நோயாளிகளும் பிறரும் இதனை வாங்கும்போது இரண்டு பெயர்களையே பெரும்பாலும் நம்புகிறார்கள். ‘இண்டிக்கா’ என்று சீட்டு ஒட்டியது உறக்கமும் அமைதியும் தரும். ‘சாட்டிவா’ என்று சீட்டு ஒட்டியது ஊக்கம் தரும் என்பது அங்குள்ள சந்தை வழக்கு. வலியால் உறக்கமிழந்த ஒருவர் இச்சீட்டை நம்பியே பணத்தைக் கொடுக்கிறார். சீட்டிலுள்ள பெயர் செடியின் குலத்தைச் சொல்கிறதா, மணத்தைச் சொல்கிறதா, குணத்தைச் சொல்கிறதா என்பது அவரைப் பொறுத்தவரை வெறும் ஏட்டுக் கேள்வியன்று.

மணம் என்பது என்ன?

செடிகளின் நறுமணத்திற்குப் பெரும்பாலும் காரணமாயிருப்பவை டெர்பீன் எனப்படும் எண்ணெய்ப் பொருள்கள். பைன் மரப் பிசினிலிருந்து வடிக்கப்படும் டர்ப்பண்டைன் எண்ணெயின் பெயரிலிருந்தே இப்பெயர் பிறந்தது. இவ்வெண்ணெய்களின் அமைப்பை ஆராய்ந்து ஒழுங்குபடுத்தியவர் ஜெர்மானிய இரசாயன அறிஞர் ஆட்டோ வாலாக். இவருக்கு 1910-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. ஐந்து கரியணுக்கள் கொண்ட ஐசோப்ரீன் என்ற சிறு கூறே டெர்பீன்களின் செங்கல் என்பது இத்துறையின் அடிப்படை உண்மை. இரண்டு செங்கற்கள் சேர்ந்தால் பத்துக் கரியணுக்கள் கொண்ட சிறிய டெர்பீன் உண்டாகும். மூன்று சேர்ந்தால் பதினைந்து கரியணுக்கள் கொண்ட பெரிய டெர்பீன் உண்டாகும். சிறியவை விரைவில் ஆவியாகி நாசியை எட்டும். பெரியவை மெல்ல எழுந்து நெடுநேரம் நிற்கும்.

இவை நமக்குப் புதியவை அல்ல. ஆரஞ்சுத் தோலை உரிக்கும்போது தெறிக்கும் மணம் லிமோனீன். தனியாவின் மணத்தில் பெரும்பங்கு லினலூல். மிளகிலும் கிராம்பிலும் உள்ள கார நெடியில் காரியோபில்லீனுக்குப் பங்குண்டு. மாம்பழத்திலும் செரையிலும் மிர்சீன் இருக்கிறது. பைன் மரத்தின் மணம் பைனீன். இவையனைத்தும் கஞ்சாச் செடியிலும் இருக்கின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட டெர்பீன்களை அச்செடியில் கண்டிருக்கிறார்கள். நம் சமையலறை அஞ்சறைப் பெட்டியின் மணங்களில் பல அவ்வொரு செடியிலேயே அடங்கியிருக்கின்றன என்று சொன்னால் மிகையாகாது. எந்த டெர்பீன் எவ்வளவு என்ற அளவுப் பட்டியலையே அச்செடியின் டெர்பீன் வரிசை என்று கூறுகிறோம். இரண்டு செடிகள் மணத்தில் வேறுபடுவதற்கு இவ்வரிசையில் ஏற்படும் ஏற்றத்தாழ்வே முதற் காரணம்.

ஒரே களஞ்சியம், இருவகைச் சரக்கு

பெண் செடியின் பூங்கொத்துகளின் மேல், கண்ணுக்கு அரிதாகவே தெரியும் நுண்ணிய சுரப்பி மயிர்கள் நெருங்கி நிற்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் பிசின் நிறைந்த ஒரு சிறு குமிழ் உண்டு. மணப் பொருள்களும், போதை தரும் டி.எச்.சி. என்ற பொருளும், போதை தராத சி.பி.டி. என்ற பொருளும் இக்குமிழிலேயே தங்குகின்றன. இவற்றுள் டி.எச்.சி.க்கும் சி.பி.டி.க்கும் சொல்லத்தக்க மணம் கிடையாது. ஆகவே, செடியின் நெடியை வைத்து அதன் போதை வலிமையை அளப்பது இயலாத காரியம்.

எனினும் இருவகைப் பொருள்களும் ஒருவகையில் உடன்பிறப்புகளே. பத்துக் கரியணுக்கள் கொண்ட ஜெரனைல் டைபாஸ்பேட் என்ற மூலப்பொருள் ஒன்று உண்டு. இதன் ஒரு பகுதி லிமோனீன், மிர்சீன், பைனீன் போன்ற சிறிய டெர்பீன்களாக மாறுகிறது. மற்றொரு பகுதி, ஒலிவெட்டாலிக் அமிலம் என்ற வேறொரு பொருளுடன் கூடி டி.எச்.சி., சி.பி.டி. ஆகியவற்றின் தாய்ப்பொருளாகிறது. ஒரே களஞ்சியத்து நெல்லில் ஒரு பங்கு அவலாகவும் மறு பங்கு அரிசியாகவும் போவதைப் போன்றது இது. அப்படியானால் ஒன்று கூடினால் மற்றொன்று குறைய வேண்டுமே என்று தோன்றும். ஆனால் நடைமுறையில் சுரப்பி மயிர்கள் நெருங்கிய செடியில் இரண்டுமே மிகுந்திருப்பதுண்டு. களஞ்சியம் பெரிதானால் இரு சரக்கும் பெருகுவது இயல்பே.

களஞ்சியத்திலுள்ள மூலப்பொருளை இன்ன டெர்பீனாக மாற்று என்று கட்டளையிடுபவை டெர்பீன் ஆக்கும் நொதிகள். ஒவ்வொரு நொதிக்கும் ஒரு மரபணு உண்டு. 2011-ஆம் ஆண்டு கஞ்சாச் செடியின் மரபணுத் தொகுதி முதன்முதலாகப் படித்தறியப்பட்டது. அதன்பின் கனடா நாட்டு விஞ்ஞானிகள் இந்நொதிகள் சிலவற்றைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றும் எதைச் செய்கிறது என்று சோதித்து 2017-இல் வெளியிட்டனர். அதில் கண்ட ஓர் உண்மை இனவிருத்தி செய்வோருக்கு முக்கியமானது. ஒரு நொதி ஒரு பொருளை மட்டும் செய்வதில்லை. காரியோபில்லீனை உண்டாக்கும் நொதியே ஹ்யூமுலீன் என்ற மற்றொரு டெர்பீனையும் உடன் உண்டாக்கிவிடுகிறது. ஆதலால் இவ்விரண்டும் இரட்டைப் பிள்ளைகளைப் போல் ஒன்றாகவே காணப்படுகின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்க வேண்டுமென்று ஒருவர் எத்தனை தலைமுறை கலப்புச் செய்தாலும், நொதியே மாறாதவரை அவர் எண்ணம் ஈடேறாது.

இனவிருத்தி செய்வோரின் இடர்ப்பாடு

நெல்லும் பட்டாணியும் தம் பூவின் மகரந்தத்தைத் தாமே ஏற்பவை. அதனால் சில தலைமுறைகளில் குணம் நிலைத்துவிடுகிறது. கஞ்சாச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. காற்றே தூது சென்று மகரந்தத்தைச் சேர்க்கிறது. எந்தச் செடியிலும் இரு பெற்றோரின் மறைந்த குணங்கள் கலந்தே கிடக்கும். எலுமிச்சை மணமுள்ள தாய்க்குப் பிறந்த விதைகளை விதைத்தால், சில செடிகளில் எலுமிச்சையும் சிலவற்றில் மிளகும் சிலவற்றில் பைன் மணமும் எழுவது இதனால்தான். டுரியான் கொட்டையை நட்டு வளர்த்த மரம் தாய்மரத்தின் சுவையையே தரும் என்று யாரும் உறுதி சொல்வதில்லை அல்லவா? அங்கே ஒட்டுக் கட்டுவதைப் போல, இங்கே நல்ல பெண் செடியின் கிளையை வெட்டி நட்டுப் பெருக்குகிறார்கள். இவ்வாறு வந்த செடிகள் மரபில் ஒன்றே.

மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. மணம் கமழும் கொத்து பெண் செடியில்தான் விளைகிறது. ஆண் செடியில் அது இல்லை. தந்தை தன் பிள்ளைகளுக்கு எந்த மணத்தைக் கொடுப்பான் என்பதை அவனை முகர்ந்து அறிய முடியாது. அவனுடைய மகள்கள் பூத்த பிறகே அறியலாம். இதைத் தவிர்க்க, வெள்ளி சேர்ந்த ஒரு கரைசலைப் பெண் செடியின் மீது தெளித்து, அதில் ஆண் பூக்களைத் தோற்றுவிக்கும் முறையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அம்மகரந்தத்தால் உண்டாகும் விதைகள் யாவும் பெண்ணாகவே பிறக்கும். ஆனால் ஒரே செடியைத் தனக்குத் தானே கலந்துகொண்டு போனால் சந்ததி மெலிந்து போவதும் உண்டு.

இதே இடர்ப்பாட்டை இச்செடியின் நெருங்கிய உறவான ஹாப் கொடியில் முன்பே கண்டிருக்கிறார்கள். பீர் மதுவுக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப், கஞ்சாவின் குடும்பத்தையே சேர்ந்தது. இரண்டின் பாதைகளும் பிரிந்து இரண்டு கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அதிலும் ஆண் வேறு, பெண் வேறு. அதிலும் பெண்ணிடமே சரக்கு. இங்கிலாந்தில் வை கல்லூரியைச் சேர்ந்த பேராசிரியர் சாமன் என்பவர் கனடாவின் மனிட்டோபா மாநிலத்துக் காட்டு ஹாப் ஒன்றை 1916-இல் தருவித்து வளர்த்தார். அதன் வழித்தோன்றலை ‘புரூவர்ஸ் கோல்டு’ என்ற பெயரில் 1934-இல் வெளியிட்டார். அதன் கசப்பை மெச்சிய மது வடிப்போர் அதன் அமெரிக்க மணத்தை வெறுத்தார்கள். பின்னர் 1972-இல் அமெரிக்காவில் ‘காஸ்கேட்’ என்ற ஹாப் வெளிவந்தது. இதன் பழ மணத்தை அந்நாட்டுச் சிறு மதுச்சாலைகள் விரும்பி ஏற்றன. அமெரிக்க மணம் என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டதே பிற்காலத்தில் விலை ஏற்றும் பெருமையாயிற்று. மூக்கின் தீர்ப்பு காலத்தோடு மாறுவது. அதை மட்டும் நம்பி இனத்தைத் தேர்ந்தெடுப்பவர் மணலில் வீடு கட்டுகிறார்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் கருவி. 1952-ஆம் ஆண்டு ஜேம்ஸ், மார்ட்டின் என்ற இரு ஆங்கில விஞ்ஞானிகள் வாயு நிறப்பிரிகை என்ற முறையை வெளியிட்டார்கள். எண்ணெயை ஆவியாக்கி நீண்ட குழாயினுள் செலுத்தினால், ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு நேரத்தில் வெளிவரும். அவற்றைத் தனித்தனியே அளந்துவிடலாம். எனினும் கருவிக்கும் கவனம் தேவை. அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக் கழகத்தார் 1996-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, பறித்த கொத்தை ஒரு வாரம் உலர்த்தினால் மண எண்ணெயில் ஏறத்தாழ 31 சதவீதமும், மூன்று மாதம் சென்றால் 55 சதவீதமும் பறந்துவிடுகின்றன. முதலில் பறப்பவை சிறிய டெர்பீன்கள். ஆகவே நேற்றுப் பறித்ததையும் மூன்று மாதத்துக்கு முன் பறித்ததையும் அருகருகே வைத்து இவை வேறு இனங்கள் என்று சொல்வது பிழையாகும். வெயில், எரு, அறுவடைக் காலம், உலர்த்தும் முறை ஆகியவற்றை ஒன்றாக்கிய பிறகு எஞ்சும் வேறுபாடே மரபின் வேறுபாடு.

பெயரின் கதை

இனி, சீட்டிலுள்ள பெயருக்கு வருவோம். 1753-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு லின்னேயஸ் இச்செடிக்குக் ‘கன்னாபிஸ் சாட்டிவா’ என்று பெயரிட்டார். ‘சாட்டிவா’ என்றால் பயிரிடப்படுவது என்று பொருள். அவர் அறிந்திருந்தது ஐரோப்பாவில் நாருக்காக வளர்க்கப்பட்ட செடி. 1785-இல் பிரெஞ்சு அறிஞர் லமார்க், இந்தியாவிலிருந்து சொன்னெரா என்பவர் அனுப்பிய செடிகளைக் கண்டு, அது வேறு இனம் என்று கருதி ‘கன்னாபிஸ் இண்டிக்கா’ என்று பெயரிட்டார். அச்செடியின் கடுமையான வாடையையும், அது தலைக்கேறும் தன்மையையும் அவர் குறிப்பிட்டிருக்கிறார். ஆக, ‘இண்டிக்கா’ என்ற பெயர் பிறந்தபோதே மணம் அதனுடன் ஒட்டிக்கொண்டது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆப்கானிஸ்தானம், இந்தியா, தாய்லாந்து, மெக்சிகோ, கொலம்பியா முதலிய நாடுகளின் விதைகள் அமெரிக்காவிலும் ஹாலந்திலும் ஒன்றாகக் கூடின. ஒன்றோடொன்று கலக்கப்பட்டுப் பல நூறு வணிகப் பெயர்கள் தோன்றின. செய்தவர்கள் சட்டத்துக்கு மறைந்து செய்ததால் குலப் பதிவேடு எதுவும் இல்லை. பெயர் மட்டும் கைமாறிக் கொண்டே வந்தது.

இப்பெயர்களை மரபணு கொண்டு சோதித்த கனடா நாட்டு ஆராய்ச்சி ஒன்று 2015-இல் வெளியாயிற்று. ஒரே பெயருடைய மாதிரிகளை ஒப்பிட்ட 17 இடங்களில் 6 இடங்களில், மாதிரி தன் பெயருடையதைவிட வேறு பெயருடைய ஒன்றையே மரபில் அதிகம் ஒத்திருந்தது. 2021-இல் இன்னும் வியப்பான முடிவு கிடைத்தது. கனடாவின் டல்ஹௌசிப் பல்கலைக் கழகத்தாரும் பிறரும் நூற்றுக்கும் மேற்பட்ட மாதிரிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் மரபுத் தொகுதியின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளை ஒப்பிட்டார்கள். மொத்த மரபை நோக்கினால், இண்டிக்கா என்று சீட்டு ஒட்டியவற்றுக்கும் சாட்டிவா என்று சீட்டு ஒட்டியவற்றுக்கும் வேறுபாடே காணவில்லை. ஆனால் ஒரு சில டெர்பீன்களில் மட்டும் வேறுபாடு இருந்தது. மண் வாடை தரும் மிர்சீன், குவயோல், யூடஸ்மால் ஆகியவை மிகுந்தவற்றுக்கு இண்டிக்கா என்றும், பெர்கமோட்டீன், பார்னசீன் ஆகியவை மிகுந்தவற்றுக்கு சாட்டிவா என்றும் சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. அந்த டெர்பீன்களின் அளவை ஆட்டி வைப்பவை, முன்னர்க் கூறிய டெர்பீன் நொதிகளின் மரபணுக் கூட்டங்களே.

இதன் பொருள் என்ன? வளர்ப்போர் தம்மை அறியாமலே மூக்கினால் பெயர் சூட்டியிருக்கிறார்கள். குலத்தைச் சொல்வதாக எண்ணி மணத்தைச் சொல்லியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான மரபணுக்களுள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே அந்தப் பெயரைத் தீர்மானித்திருக்கின்றன. மூக்கு பொய் சொல்லவில்லை. அது சொன்ன சிறு உண்மையைப் பெரிய உண்மையாகக் கொண்டதே தவறு. அடுத்த ஆண்டு, அமெரிக்காவின் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 90,000 மாதிரிகளின் சோதனைக் கணக்குகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், சந்தையின் சீட்டுகள் உள்ளிருக்கும் இரசாயனத்தோடு ஒழுங்காகப் பொருந்தவில்லை என்றே தெரிந்தது.

மூக்கு மறைத்த மற்றொன்று

மணம் முழுவதும் டெர்பீன்தான் என்று நினைப்பதும் சரியன்று. கஞ்சாவின் நாற்றத்தைச் சிலர் அமெரிக்க ஸ்கங்க் என்ற பிராணியின் நாற்றத்துக்கு ஒப்பிடுவார்கள். அந்த நாற்றம் எந்த டெர்பீனிலும் இல்லை. 2021-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கந்தகம் அடங்கிய ஒரு பொருளை அதற்குக் காரணமாகக் கண்டார்கள். வெயில் பட்ட பீரில் எழும் கெட்ட வாடைக்கும் அதே பொருளே காரணம். அது மிகச் சிறிய அளவில் இருந்தாலே நாசி உணர்ந்துவிடும். டெர்பீன் பட்டியலை மட்டும் பார்த்து இனத்தைத் தேர்ந்தெடுப்பவருக்கு இதுவே எச்சரிக்கை: அளவில் மிகுந்ததே மணத்திலும் மிகும் என்று விதியில்லை.

மணத்தால் குணம் உண்டா?

நோயாளியின் கேள்வி இதுதான். டெர்பீன்கள் டி.எச்.சி.யின் விளைவை மாற்றுகின்றன என்ற கருத்து 2011 முதல் பெரிதும் பேசப்படுகிறது. காரியோபில்லீன் நம் உடலில் கஞ்சாப் பொருள்களை ஏற்கும் இருவகை ஏற்பிகளுள் ஒன்றைப் பற்றுகிறது என்பது 2008-இல் காட்டப்பட்டது. ஆனால் 2019-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் பரவலாகக் காணும் ஆறு டெர்பீன்களைச் சோதனைக் குழாயில் ஆராய்ந்தபோது, அவை அவ்வேற்பிகளில் டி.எச்.சி.யின் செயலை மாற்றவில்லை. 2024-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தார் 20 பேரிடம் நடத்திய சோதனையில், லிமோனீனைச் சேர்த்துக் கொடுத்தபோது டி.எச்.சி.யால் உண்டாகும் பதற்றம் குறைந்தது. மற்ற விளைவுகள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. ஒரு பொருளை, ஒரு அளவில், ஒரு விளைவுக்கு இவ்வாறு சோதித்து நிறுவலாம். அதைக் கொண்டு ஒரு குலப் பெயர் முழுவதற்கும் உறக்கம் தரும் குணத்தையோ ஊக்கம் தரும் குணத்தையோ ஏற்றிக் கூற இடமில்லை.

இழப்பது எதை?

இவற்றால் விளையும் நன்மை, சீட்டைத் திருத்துவது மட்டுமன்று. 2021-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில் 110 செடிகளின் முழு மரபுத் தொகுதிகள் ஒப்பிடப்பட்டன. இச்செடி சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் கிழக்காசியாவில் மனிதன் கைக்கு வந்தது என்றும், அதன் தூய காட்டு மூதாதை இன்று அழிந்திருக்கலாம் என்றும் அது கூறுகிறது. எஞ்சியிருப்பவை மலைகளிலும் சிற்றூர்களிலும் தலைமுறை தலைமுறையாக வளர்ந்துவந்த நாட்டு வகைகள். மகரந்தம் காற்றில் பறப்பதால், வணிகக் கலப்பினம் அருகில் வந்தாலே நாட்டு வகையின் விதை கலந்து போகும். இன்று நமக்குப் பிடிக்காத ஒரு வாடையைத் தரும் மரபணு நாளைக்குப் பூச்சியை எதிர்க்கவோ மருந்தாகவோ உதவக்கூடும். மனிட்டோபாக் காட்டு ஹாப்பை மணம் பிடிக்கவில்லை என்று வேரோடு எறிந்திருந்தால், அதன் வழிவந்த பிற்கால ஹாப் வகைகள் பல உலகுக்குக் கிடைத்திரா.

பயிர் எதுவாயினும் பாடம் ஒன்றே. பெயர் மனிதன் இட்டது. அது கைமாறும்போது மாறும். மணம் சில மரபணுக்கள் இட்டது. அது உண்மையாயினும் சிறு உண்மை. செடியின் குலமோ முழு மரபிலும் எழுதப்பட்டிருக்கிறது. இம்மூன்றையும் வேறு வேறாக வைத்து அளந்தறிந்தவரே இனவிருத்தியில் முன்னேற முடியும். வாங்குபவருக்கும் அப்போதுதான் அவர் கொடுத்த விலைக்கு மெய்யான பொருள் கிடைக்கும்.